கான்பெராவில் ஏழு முகங்கள்

"இதுதானா ஊரு?" என்று கேட்டேன்.

"ஊரு முடியப் போகுது அத்தை" என்றாள் அண்ணன் மகள், ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிட்னியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வந்தோம். வழியெல்லாம் காய்ந்த புல்வெளி, மேயும் ஆடுகள், சாலையோரத்தில் கங்காரு படம் போட்ட மஞ்சள் பலகைகள். பிறகு மரங்கள் கொஞ்சம் அடர்ந்தன, ஓர் ஏரி தெரிந்தது, தள்ளித்தள்ளி நாலைந்து வெள்ளைக் கட்டடங்கள். ஹாரன் சத்தமில்லை, கொடி கட்டிய கார் இல்லை, வரவேற்பு வளைவு இல்லை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு சாயங்காலத்தில் பார்க்கிற கூட்டம்கூட அந்தத் தலைநகரத்தில் கண்ணில் படவில்லை.

ஆனால் ஐன்ஸ்லி மலை உச்சிக்கு ஏறிக் கீழே பார்த்தால் கான்பெரா வேறு ஊராகிவிடுகிறது. ரூல் தடி வைத்துக் கோடு போட்டதுபோல மலையடிவாரத்தில் தொடங்கும் அகலச் சாலை ஒன்று ஏரியைத் தொடுகிறது. ஏரிக்கு அக்கரையில் அதே கோட்டில் நாடாளுமன்றம். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் தலைநகர்ப் போட்டி வந்தபோது இரண்டுக்கும் இல்லாமல் நடுவில் புதிதாக ஓர் ஊரைக் கட்டினார்கள். 1912-ல் நடந்த உலகளாவிய வரைபடப் போட்டியில் வென்றவர் அமெரிக்கரான வால்டர் பர்லி கிரிஃபின். பிற்காலத்தில் லக்னோவுக்கு வேலையாக வந்து, 1937-ல் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவர். நகரின் நடுவே இருக்கும் ஏரிக்கு அவர் பெயர்தான். ஆனால் போட்டிக்குப் போன அந்த அழகான ஓவியத் தாள்களை வரைந்த கை அவருடைய மனைவி மரியன் மஹோனியுடையது. நாங்கள் நின்றிருந்த மலையுச்சிப் பார்வை மேடைக்கு அந்த அம்மாளின் பெயரை வைத்தது 2013-ல். நூறு வருஷத் தாமதம். பணிக்காலம் முழுவதையும் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகக் கழித்தவள் என்பதால் இந்த மாதிரிக் கணக்குகள் எனக்குச் சட்டென்று கண்ணில் பட்டுவிடும்.

அந்த அகலச் சாலையின் மலையடி முனையில்தான் ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இருக்கிறது. செப்புக் கூரை போட்ட குவிமாடம், கோயிலுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு தோற்றம். பின்னால் புதர்க்காடு. வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் புல்தரையில் இறங்கி, நம் ஊர்க் காக்கைகளுக்குச் சற்றும் குறையாத அதிகாரத்தோடு உலாத்திக்கொண்டிருந்தன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

"நீங்க உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் வெளிய வரமாட்டீங்க. நான் புள்ளைய ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அண்ணன் மகள் என்னை வாசலில் இறக்கிவிட்டாள்.

முற்றத்தின் இருபுறமும் நீண்ட தாழ்வாரங்கள். சுவர் முழுக்க வெண்கலப் பலகைகள்; போரில் இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். பெயருக்கு முன்னால் கேப்டன், மேஜர் என்று எதுவும் இல்லை. சாவில் பதவி பார்ப்பதில்லை என்ற முடிவு. பார்க்க வருகிறவர்கள் பலகைகளின் இடுக்கில் சிவப்புப் பாப்பிப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். நம் கசகசாச் செடியின் இனம்தான். எங்கள் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் தமிழ்ப் பிராமி எழுத்தோடு ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரன் ஒருவனுக்காக ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த கல். கல்லைத் தேடுவது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. பெயரைப் பொறித்துப் பூவும் வைக்கிற இந்தத் தாழ்வாரத்தில் எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை.

குவிமாடத்துக்குக் கீழே உள்ள நினைவு மண்டபத்தின் சுவரும் கூரையும் கண்ணாடிச் சில்லு ஓவியம். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகள். அதை வடிவமைத்த நேப்பியர் வாலர் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். சித்தன்னவாசல் கூரையைப் பார்க்க மாணவிகளைக் கூட்டிப்போகும்போதெல்லாம் வந்த அதே வலி.

நான் தேடிப் போன படம் இவ்வளவு பெரியது அல்ல. ஒரு மீட்டர் உயரம்கூட வராத கித்தானில் எண்ணெய் வண்ணம். ஸ்டெல்லா போவென் 1944-ல் வரைந்தது. குண்டுவீச்சு விமானக் குழு என்பது தலைப்பு. பறக்கும் உடுப்பு அணிந்த ஏழு ஆண்கள். பின்னணியில் அவர்களுடைய லங்காஸ்டர் விமானம். ஆளுக்கு ஆள் இடைவெளியே இல்லை. மினி பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நிற்கும் பையன்களைப் போல ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் முகம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நெருங்கி நிற்கிறார்களே தவிர, ஒவ்வொருவரும் தனித்தனியே எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் குழுப் படத்தை வரைகிறவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் நிற்க வைத்து வரைவதில்லை. முதலில் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பென்சிலில் எடுத்துக்கொள்வார்கள். யாரை எங்கே நிறுத்துவது, எந்தத் தலையை எந்தத் தலை மறைக்கலாம் என்பதெல்லாம் பிறகு வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஸ்டெல்லாவும் அப்படித்தான் செய்தார். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பின்புரூக் விமானத்தளத்தில், ஆஸ்திரேலிய விமானப்படையின் 460-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த இந்த ஏழு பேரையும் பென்சில் கோடுகளாக எடுத்துக்கொண்டார். அது 1944 ஏப்ரல் 27.

அன்றிரவு அவர்கள் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரின் மேல் குண்டு போடப் புறப்பட்டார்கள். டாங்கிகளுக்கான எந்திரப் பாகங்கள் தயாராகும் ஊர் அது. நிலா வெளிச்சத்தில் 322 லங்காஸ்டர் விமானங்கள் போயின. 18 திரும்பவில்லை. திரும்பாதவற்றில் இந்த ஏழு பேரின் விமானமும் ஒன்று.

கையில் இருந்தவை பென்சில் கோடுகளும் சில புகைப்படங்களும் மட்டுமே. அவற்றை வைத்து அவர் படத்தை முடித்தார். ஆவிகளை உட்கார வைத்து வரைவதுபோல் இருந்தது என்ற பொருளில் அந்த வேலையைப் பற்றிப் பின்னர் அவர் எழுதியிருக்கிறார். எந்த முகத்தை எங்கே வைப்பது என்று யோசித்த ஒவ்வொரு கணமும், ஏழு பேரில் யாரும் மிஞ்சவில்லை என்ற எண்ணத்தோடுதான் யோசித்திருப்பார். படத்தில் இடைவெளியே இல்லாததற்குக் காரணம் அதுதானோ என்று பட்டது. தள்ளித்தள்ளி நிற்க வைக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

நடுகல் வீரன் விழுந்த பிறகு எடுக்கப்படுவது. அதில் அவன் வாளோடும் வில்லோடும் பாய்கிறான். சிற்பி அவனுக்கு மீண்டும் ஒரு போரைக் கொடுத்துவிடுகிறான். ஸ்டெல்லா கொடுத்தது போருக்கு முந்தைய அரைப் பகல். போரை வரையச் சம்பளம் வாங்கிய ஒருவரின் மிகச் சிறந்த படத்தில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

யார் இந்த அம்மாள்? 1893 மே 16-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா போய்விட்டார். ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் மார்கரெட் பிரெஸ்டன் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஓவியரான பெண்மணி. 1914-ல் அம்மாவும் இறந்ததும், ஓவியம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். பிறந்த நாட்டை மறுபடி அவர் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு ஆஸ்திரேலியப் பெண்ணின் நினைவு வராமல் போகாது. ஸ்டெல்லாவுக்கு ஒரு வயது இளையவரான மெல்போர்னின் மோலி ஃபிங்க், எங்கள் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானை 1915 ஆகஸ்டில் மணந்து ராணியாக ஊருக்கு வந்தவர். ஆங்கிலேய அரசு அவரை ராணி என்று ஏற்கவில்லை. அரளி விஷம் வைக்கப் பார்த்தார்கள் என்ற பேச்சு ஊரில் இன்றும் உண்டு. மறு வருஷமே இருவரும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். மன்னர் 1928-ல் பாரிஸில் இறந்தார். மோலி 1967-ல் பிரான்ஸின் கான் நகரில். ஒருவர் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டார், இன்னொருவர் எழுத்தாளருக்கு. இருவருமே வேறொருவரின் கதையில் மனைவியாக, துணைவியாக எழுதப்பட்டார்கள். 1920-களில் இருவரும் பிரான்ஸில்தான் இருந்தார்கள். ஆனால் மோலியின் பிரான்ஸும் ஸ்டெல்லாவின் பிரான்ஸும் ஒன்றல்ல.

லண்டனில் வால்டர் சிக்கர்ட்டிடம் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்குக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் வட்டம் பழக்கமானது. அதன் வழியாக வந்தவர்தான் நாவலாசிரியர் ஃபோர்டு மடாக்ஸ் ஃபோர்டு. ஸ்டெல்லாவைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். போர்முனைக்குப் போய் மனம் குலைந்து திரும்பியிருந்தவர். முதல் மனைவியிடமிருந்து சட்டப்படி விலக முடியாதவர். இருவரும் சசெக்ஸில் ஒரு குடிசை வீட்டில் பன்றி வளர்த்துக் குடித்தனம் நடத்தினார்கள். 1920-ல் மகள் ஜூலியா பிறந்தாள். பிறகு பிரான்ஸ் போனார்கள். முதல் உலகப் போரைப் பற்றிய ஆங்கில நாவல்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் 'பரேட்ஸ் எண்ட்' நான்கு பாகங்களையும் ஃபோர்டு எழுதி வெளியிட்டது அந்த ஆண்டுகளில்தான். கடன்காரர்களைச் சமாளித்தது, அடுப்பைப் பார்த்தது, குழந்தையைப் பார்த்தது, அவர் எழுதும் அறைக்குள் எந்தக் கவலையும் நுழையாமல் காவல் காத்தது எல்லாம் ஸ்டெல்லா.

"நீ ஏன் வரையாமல் இருக்கிறாய்?" என்று ஃபோர்டுக்கு உண்மையாகவே புரியவில்லையாம். நேரம் கிடைப்பதல்ல பிரச்சினை, மனம் நமக்கே நமக்கு என்று இருக்க வேண்டும் என்று ஸ்டெல்லா தன் வாழ்க்கை வரலாற்றில் விளக்கியிருக்கிறார். எங்கள் பள்ளியின் ஆசிரியைகள் ஓய்வறையில் இதற்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இடையில் எழுத்தாளர் ஜீன் ரீஸுடன் ஃபோர்டுக்கு உறவு ஏற்பட்டது. 1920-களின் இறுதியில் ஸ்டெல்லா பிரிந்தார். மகளை வைத்துக்கொண்டு, உருவப்படம் வரைந்து பிழைக்கத் தொடங்கினார். 1932-ல் அமெரிக்கா வரை போய்ப் படம் வரைந்து சம்பாதித்தார். பிறகு இங்கிலாந்து, ஒருபோதும் தீராத பணத்தட்டு. 1941-ல் வெளிவந்த அந்த வாழ்க்கை வரலாறும் வயிற்றுப்பாட்டுக்கு உதவட்டும் என்று எழுதியதுதான். 1944-ல் ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அவரை அதிகாரபூர்வப் போர் ஓவியராக நியமித்தது. அப்போது வயது ஐம்பது. கித்தானும் வண்ணமும் சம்பளமும் தந்து, 'வரை, அதுதான் உன் வேலை' என்று ஒரு நிறுவனம் அவரிடம் சொல்ல ஓர் உலகப் போர் வர வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அந்தப் பதவி பெற்ற ஆஸ்திரேலியப் பெண்கள் மூன்றே பேர். முதலாமவர் நோரா ஹெய்சன், 1943-ல். கேப்டன் தரத்தோடு நியூகினி காட்டுக்குப் போய் நர்சுகளையும் காயம்பட்டவர்களையும் வரைந்தவர்; 170-க்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்தவர். அதற்கு முன்பே, ஆஸ்திரேலியாவின் பெரிய உருவப்பட விருதான ஆர்ச்சிபால்டை வென்ற முதல் பெண் அவர். பெண்களின் உடலமைப்பு ஆண்களைப் போல் கலையில் உயர இடம் தராது என்று அப்போது ஒரு மூத்த ஓவியர் பத்திரிகைக்குச் சொன்னார். மூன்றாமவர் சிபில் கிரெய்க், 1945-ல். அவருக்குக் கிடைத்தது மெல்போர்ன் பக்கத்து வெடிமருந்துத் தொழிற்சாலை. நடுவில் ஸ்டெல்லா. மூவரில் யாரையும் துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் நிறுத்தவில்லை. மூவரும் ஆண் ஓவியர்கள் திரும்பிப் பார்க்காத இடங்களைப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லாவின் இன்னொரு படம் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. 1945-ல் ஜெர்மனியின் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்ட ஆஸ்திரேலியக் கைதிகளை ஊருக்கு அனுப்பும் முன் ஈஸ்ட்போர்னில் கௌரி ஹவுஸ் என்ற இடத்தில் தங்க வைத்தார்கள். அங்கே அவர் வரைந்த சாதாரணச் சிப்பாய் ஒருவர். பெயர்கூட இல்லை, படத்தின் தலைப்பில் பதவியும் இடமும் மட்டுமே. ஒட்டிய கன்னம். விடுதலையாகிவிட்டான், ஆனால் அந்தச் செய்தி முகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. முதல் படம் போருக்கு முந்தைய முகங்கள். இது போருக்குப் பிந்தைய முகம். நடுவில் நடந்ததை அவர் வரையவில்லை, தேவையும் படவில்லை.

அந்தக் குண்டுகள் விழுந்த வீடுகளை யார் வரைவது என்ற கேள்வியும் எனக்குள் எழாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. முகாமிலிருந்து வந்த ஒரு மாணவி, 'என் வீடு' என்று நான் கொடுத்த தலைப்புக்குத் தாளின் மேல் பாதி முழுக்க ஒரு விமானத்தை வரைந்திருந்தாள். இறக்கை, வால், ஜன்னல் எல்லாம் அளவு பிசகாமல். கீழ் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு, ஆட்கள் இல்லை. விமானத்தின் அடிவயிற்றைத் தரையிலிருந்து பார்த்தவள் அவள். ஸ்டெல்லா பார்த்தது அதற்குள் ஏறப் போகிறவர்களின் முகங்களை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் போர் என்பது முழுப் படமாகும்.

படத்தில் உள்ள ஏழு பேரில் ஒருவர் சாகவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. வாலில் தனிக் கூண்டில் உட்கார்ந்து சுடும் பின்புறத் துப்பாக்கி வீரர், ஜெர்மானியரிடம் கைதியாகி உயிர் பிழைத்திருந்தார். இறந்தவனாக நினைத்து வரைந்த முகம் உயிரோடு திரும்பி வந்தது. அதற்காக ஸ்டெல்லா படத்தைத் திருத்தவில்லை. அந்த முகமும் மற்ற ஆறு முகங்களோடு அதே நெருக்கத்தில்தான் நிற்கிறது.

பின்பக்கத்து அன்சாக் மண்டபத்தில் அன்று உண்மையான லங்காஸ்டர் ஒன்றும் நின்றது. 'ஜி ஃபார் ஜார்ஜ்' என்று அதற்குப் பெயர். அதே 460-ஆம் ஸ்குவாட்ரன். நுனிக்கு நுனி 31 மீட்டர் இறக்கை. பார்த்ததும் வாய் பிளக்கிறது. 90 முறை குண்டு போடப் போய் 90 முறையும் திரும்பி வந்த விமானம். அதில் பறந்த ஒருவர்கூடச் சாகவில்லை. போன ஒவ்வொரு முறைக்கும் ஓர் அடையாளமாக மூக்குப் பகுதியில் வரிசை வரிசையாகக் குண்டுகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். அது பறப்பதை நிறுத்தியது அதே 1944 ஏப்ரலில். அதே தளம், அதே மாதம். ஒரு விமானம் அருங்காட்சியகத்துக்கு, இன்னொன்று ஒரே ஒரு ஓவியத்துக்கு. 460-ஆம் ஸ்குவாட்ரன் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். ஜார்ஜின் அதிர்ஷ்டம் விதியல்ல, விலக்கு.

போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஸ்டெல்லா மிகவும் ஆசைப்பட்டார். புற்றுநோய் விடவில்லை. 1947 அக்டோபர் 30-ல் லண்டனில் இறந்தார். அரசாங்கச் சொத்து என்பதால் படங்கள் மட்டும் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தன. ஃபோர்டு வீட்டில் அவர் வரையாமல் விட்ட படங்கள் எத்தனையோ. சம்பளத்துக்கு வரைந்தவைதாம் அவரை வரலாற்றில் நிறுத்தின. பெண்ணின் கலைக்கு ஊக்கம் கொடுக்கிறோம், மேடை கொடுக்கிறோம், விருது கொடுக்கிறோம் என்று நம் ஊரில் நிறையப் பேசுகிறோம். ஸ்டெல்லாவைக் கேட்டால், மாதம் பிறந்தால் சம்பளமும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருப்பார்.

கான்பெரா போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நான் பார்த்த அன்சாக் மண்டபத்தைப் பெரிதாகக் கட்டுவதற்காக 2021-ல் இடித்துவிட்டார்கள். எனவே விமானமும் ஓவியமும் பார்வைக்கு இருக்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் முதலில் ஓவியம், பிறகு விமானம். ஓவியத்தைப் பார்த்தவர்களின் கண், அந்தப் பிரம்மாண்டத்தின் அருகே போனதும் தானாக வாலிலுள்ள சிறு கூண்டைத் தேடும். மூக்கில் வரிசையாக இருக்கும் குண்டுகளை எண்ணிப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.